வால் அளக்கும் வாத்தியார்

குளத்தில் தலைப்பிரட்டைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தியது ஒரு நண்டு. வாராவாரம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தித் தன் கொடுக்கால் வாலை அளக்கும். வால் நீண்டிருந்தால் பாஸ்.

எப்போதும் முதலில் வரும் செம்புள்ளிக்கு அந்த வாரம் வால் குறைந்திருந்தது.

"என்னடா ஆச்சு உனக்கு?" என்றது நண்டு.

"தெரியலை சார். ஆனா பின்னாடி கால் மாதிரி ரெண்டு முளைச்சிருக்கு. அதையும் கொஞ்சம் பாருங்களேன்."

"அதெல்லாம் பாடத்துல இல்லை."

நண்டுக்கு மனசு கேட்கவில்லை. தினமும் சாயங்காலம் செம்புள்ளியை நிறுத்தி வைத்து, வாலைப் பிடித்து இழுத்துவிட்டது. அப்படியும் வால் குறைந்துகொண்டே போனது. கடைசியில் இருந்த இடமே தெரியவில்லை.

"அடுத்த வாரத்திலிருந்து முட்டைகளோட போய் உட்காரு" என்றது நண்டு.

அடுத்த வாரம் செம்புள்ளி முட்டைகளோடு இல்லை. கரையில் ஒரு தவளை கல்லுக்குக் கல் தாவிக்கொண்டிருந்தது. அதன் முதுகில் அதே சிவப்புப் புள்ளி.

நண்டு கண்ணை உயர்த்திப் பார்த்தது.

"நல்லா வந்திருக்க வேண்டிய பையன்" என்று பெருமூச்சு விட்டு, "அடுத்து யாரு?" என்றது.

அடுத்து நின்ற தலைப்பிரட்டை, புதிதாக முளைத்த கால்களை அவசரமாக மடக்கி மறைத்துக்கொண்டது.