கவிழ்த்து வைத்த கல்

வற்றிப்போன ஏரிக்கரை மணலில் ஓர் அரைகல் குப்புறக் கிடந்தது. அதில் புல்விதை அரைத்தவள், கூட்டத்தோடு வேறிடம் போகும்போது, "திரும்பி வந்து அரைப்பேன்" என்று சொல்லிக் கவிழ்த்து வைத்துப் போனாள். அன்று முதல் அரைகல் இரண்டாயிரத்து நூற்றுப் பதினோரு மழைக்காலங்களை எண்ணிவிட்டது.

மணலுக்குள் ஒரு முழம் கீழே, அதைவிடப் பழைய காலத்திலிருந்து கிடந்த ஈட்டிமுனைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எங்கள் காலத்தில் கங்காருவைத் துரத்தி ஓடிக்கொண்டே இருப்போம். நீ வந்தாய், எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். இனி யாரடி வரப்போகிறார்கள்?"

"உட்கார்ந்ததால்தான் தாத்தா, ஊர்கூடித் திருவிழா நடந்தது. ஒரே நாளில் நூற்றுநாற்பது பேருக்கு அரைத்தேன். வருவார்கள்."

மறுநாள் தொல்பொருள் தோண்டுகிறவர்கள் வந்தார்கள். ஒருவர் அரைகல்லின் முதுகைத் தட்டிப் பார்த்து, "வெறும் கல். தூக்கிப் போடுங்கள்" என்றார்.

"ஐயோ, பொறுங்கள்!" என்று ஓடி வந்தாள் அந்த மண்ணின் பெண்ணொருத்தி. "திரும்பி வருவதாக இருந்தால்தான் நாங்கள் கல்லை இப்படிக் கவிழ்ப்போம்."

இரு கைகளாலும் புரட்டினாள். தேய்ந்து வழவழத்த பள்ளத்தில் வெயில் விழுந்தது. உள்ளங்கையால் மணலைத் துடைத்து, "வந்துவிட்டோம்" என்றாள் கல்லிடம்.

"தாத்தா, கேட்டதா?"

"கேட்டது, கேட்டது. அரைக்கும்போது கொஞ்சம் மாவு கீழேயும் சிந்தட்டும்."