முதல் ஆமென்

ஞாயிறு ஆராதனை முடிந்து பெண்கள் சங்கத்தார் மட்டும் கோரைப்பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். சன்னல் வழியே வெயிலும் பக்கத்துச் சரக்குக் கிட்டங்கியின் ஏலக்காய் வாசமும் வருகின்றன. "இந்த வருசம் செயலாளரா யாரு நிக்கிறீக?" என்று போதகரம்மா கேட்டதும் எல்லோரும் தலைகுனிந்து பாயைப் பார்க்கிறார்கள். "லேயாளக்காவே இருக்கட்டும்மா" என்கிறாள் சலோமி. "ஆத்தீ, ஒம்பது வருசம் இருந்தாச்சு! போடிமெட்டுல எம்மக நெறமாசம். வளைவு ரோட்டுல எறக்கக் கூடாதுன்னுட்டாக. நாந்தேன் மேல போகணும், திரும்ப மூணு மாசமாகும்" என்கிறாள் லேயாள். "அப்ப நீ இரேன் சலோமி" என்று போதகரம்மா அவள் பக்கம் திரும்புகிறார். "நானா? எங்க மாமியாகிட்ட யாரும்மா பேச்சு வாங்குறது?" எல்லோரும் சிரிக்கிறார்கள். "நீ வந்து போயிப் பாத்துக்கலாம் லேயாளு. ஜெபம் பண்ணுவோம்" என்கிறார் போதகரம்மா. முக்காடுகள் ஏறுகின்றன. ஜெபத்தில் பெயரைச் சொல்லி, அதற்குரியவளும் ஆமென் சொல்லிவிட்டால் பிறகு மறுக்கும் வழக்கம் இந்தச் சபையில் இல்லை. "ஆண்டவரே, எங்க சகோதரி லேயாள இந்தப் பொறுப்புல நிறுத்துறோம்..." லேயாள் மட்டும் கண்ணை மூடவில்லை. இந்த முறை ஆமென் சொல்வதில்லை என்று உதட்டைக் கடித்திருக்கிறாள். மடியில் துணிப்பை, அதற்குள் பிள்ளைக்கென்று கிழித்து வைத்த பழஞ்சேலை. வாசலில் மெட்டுக்குப் போகிற ஜீப்பு ஹாரன் அடிக்கிறது. பையைப் பிடித்து, எழுந்திருக்கக் கையை ஊன்றுகிறாள். ஜெபம் முடிகிறது. சங்கத்தில் முதல் ஆமென் எப்போதும் செயலாளருடையது. ஒன்பது வருடப் பழக்கத்தில், எல்லோருக்கும் முந்தி, உரக்க வந்துவிடுகிறது அவள் குரல்: "ஆமென்."