விளக்கேற்றியவரின் பெயர்

மழை இருட்டிக்கொண்டு வருகிறது. ஆவண அறையின் ஒற்றை ஜன்னல் வெளிச்சத்தில், வெள்ளைக்காரர்கள் காலத்தில் எழுதிய நகரசபைப் பதிவேட்டின் மேல் தங்கை குனிந்திருக்கிறாள்; பக்கத்தில் அண்ணன். குடும்பத்தின் முன்னோர் ஒருவர் இந்த ஊரில் தெருவிளக்கு ஏற்றியவர் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பெயர்தான் யாருக்கும் தெரியாது. பழைய மை தாளை அரித்துவிட்டிருக்கிறது. பக்கம் புரளும்போதெல்லாம் சருகு நொறுங்கும் சத்தம் கேட்கிறது. காப்பாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். தங்கை எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். "தெரு... விளக்கு... ஏற்றுகிறவன்..." "ஆள் கிடைச்சிட்டாரா?" பஸ்ஸில் டிக்கெட் கிழித்தே பழகிய அண்ணன், விரலை நாக்கில் தொட்டு, அந்த வரியின் மேலேயே வைத்துவிடுகிறார். "சார், கையை..." என்று காப்பாளர் எழுவதற்குள் விரல் திரும்பி வந்துவிடுகிறது. அதன் நுனி, திரி தூண்டிய விரல் போலக் கறுத்திருக்கிறது. தாளில் பெயர் இருந்த இடத்தில் ஓட்டை. அதன் வழியே அடுத்த பக்கத்திலிருந்து வேறு யாருடைய பெயரோ எட்டிப் பார்க்கிறது. கூரையில் மழை இறங்குகிறது. காப்பாளர் பதிவேட்டை மெல்ல மூடுகிறார். "பேரைப் படிச்சிட்டேல்ல?" என்று அண்ணன் கேட்கிறார். தங்கை நிமிரவில்லை. "அதுக்குள்ள நீ கை வச்சிட்டியேண்ணா." அந்த விரலை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நீட்டியபடியே உட்கார்ந்திருக்கிறார் அண்ணன்.