மதிலுக்கு உள்ளே

கொள்ளிடக்கரை மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் கையை விரித்துவிட்டார்.

"ஞானஸ்நானம் வாங்காத பிள்ளையைக் கல்லறை மதிலுக்கு வெளியேதான் புதைக்கணும், இன்னாசிராஜ்."

விடிகாலையில் பிறந்த மகனின் உடலைத் துணியில் சுற்றி ஏந்தியிருந்தவன் தேம்பினான்.

மருத்துவச்சி பாப்பாயி, நெற்றித் திருநீறோடு முன்னே வந்தாள்.

"திருச்சிக்கு வண்டி பூட்டறதுக்குள்ள உசுரு போயிடும்னு தெரிஞ்சுது சாமி. நானே தண்ணி ஊத்தி, உங்க பிதா சுதன் ஆவி பேரைச் சொல்லிட்டேன்."

"ஆபத்துல யார் ஊத்தினாலும் செல்லும்" என்றார் சாமியார்.

பிள்ளை மதிலுக்கு உள்ளேயே அடங்கினான்.

வீட்டில், பிரசவ மயக்கம் தெளிந்த லூர்துராணி பாப்பாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணி ஊத்தினப்ப அழுதானா, ஆத்தா?"

"லேசாச் சிணுங்கினான், தாயி."

செத்தே பிறந்த பிள்ளைக்காக அவள் அன்று சொன்ன இரண்டாவது பொய் அது.