வரைபடத்தில் இல்லாத வளைவு

பைக்கில் தொங்கிய கோழியைப் பார்த்ததுமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

நல்ல கொழுத்த கோழி. காலைக் கட்டி, மேஸ்திரி பாலிகோவாவின் பைக் கைப்பிடியில் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தது. பக்கத்திலேயே ஃபைபர் கேபிளுக்கு வெட்டிய குழி.

தலைநகர் கம்பாலா ஆபீஸிலிருந்து, வேலையைச் சரிபார்க்க நான் கொண்டுவந்த வரைபடத்தில் நேர்கோடு. இங்கேயோ, ஒரு வீட்டு வாழைத்தோட்டம் வந்ததும் குழி வளைந்து, எட்டு மீட்டர் சுற்றிக்கொண்டு மறுபடி நேராகப் போனது.

"ஏன்யா இங்க வளைஞ்சிருக்கு?"

"பாறை சார்."

"பாறையா, கோழியா?"

குழி வெட்டுகிற ஆட்கள் சிரித்தார்கள். பாலிகோவா சிரிக்கவில்லை.

"அந்த வீட்டு நைகாகா அம்மா குடுத்தாங்க சார். வேணாம்னு மூணு தடவை சொன்னேன். அதுக்கு மேல மறுத்தா மரியாதை இல்ல. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாமல் என்ன? எங்கள் புசோகா பக்கம் ஒருவரை மதித்தாலும் கோழி, ஒருவரிடம் காரியம் ஆகவேண்டுமென்றாலும் கோழி. இது இரண்டாவது வகை என்று முடிவு கட்டிவிட்டேன்.

"நான் கையெழுத்துப் போடலைன்னா நாளைக்குக் காலைல நேரா வெட்டியாகணும், ஞாபகம் இருக்கட்டும். போன மாசம் ஒரு பிரசவத்துக்கு டாக்டரைக் கூப்பிட, ஆஸ்பத்திரி நர்ஸ் கரையான் புத்து மேல ஏறி நின்னு சிக்னல் தேடியிருக்கா. அவளுக்காகப் போடுற கேபிள்யா இது! நீ தோட்டத்தைச் சுத்திப் பாத்துக்கிட்டு இருக்க."

"ஊருக்கு ரோடே நேரா வரல சார். கேபிள் மட்டும் நேரா வரணுமா?" என்றான் குழிக்குள்ளிருந்து வகாபி.

"நீ வாயை மூடிட்டு வெட்டு."

வீட்டு வாசலில் நைகாகா நின்றிருந்தாள். நிறைமாதம். விருந்தாளி வந்தால் மண்டியிட்டு வணக்கம் சொல்லத் தெரியாதவர்களா எங்கள் பெண்கள்? அவள் அசையவில்லை. வளைவுக்குள் இருந்த வெறும் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். குற்ற உணர்ச்சி என்று நினைத்தேன்.

"அந்தக் கடப்பாறையைக் குடு. பாறை இருந்தா ணங்குன்னு சத்தம் வரும். வரலைன்னா உன் வேலை போச்சு."

வளைவுக்குள் போய்க் கடப்பாறையை ஓங்கினேன். இரண்டு கைகள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. பாலிகோவா.

"அங்க குத்தாதீங்க சார். பாறை இல்ல. ஃபாரத்துல பொய்தான் எழுதினேன்."

"அப்படி வா வழிக்கு!"

"மெதுவா சார். அவங்க காதுல விழக் கூடாது."

பாலிகோவா திட்டாமல் ஒரு முழம் குழி வெட்டமாட்டான். அவன் குரல் இவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. கையைப் பிடித்து என்னை ஓரமாக இழுத்துப் போனான்.

"முதல் நாள் கோடு போட்டோம் சார். அந்தம்மா பாயை எடுத்துட்டு வந்து, சரியா கோட்டு மேலயே உக்காந்து கடலை உரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. எந்திரிங்கன்னேன். எந்திரிக்கல. காசு வேணுமான்னேன். இல்லன்னு தலையாட்டினாங்க. அப்ப காரணத்தைச் சொல்லுங்கன்னேன். வாயைத் திறக்கல. வாயும் வயிறுமா இருக்குற பொண்ணுன்னுகூடப் பாக்காம கண்டபடி கத்திட்டேன் சார்."

"அப்புறம்?"

"மழை பிடிச்சுக்கிச்சு. நாங்க எல்லாரும் ஓடிட்டோம். அவங்க மட்டும் ஓடல. ரெண்டு வாழையிலையை அறுத்தாங்க. தலைக்குப் பிடிக்கத்தான்னு பாத்தா..."

வளைவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"மண்ணு மேல விரிச்சாங்க சார். இவ்ளோதான் இடம்."

இரண்டு கைகளையும் வைத்து அளவு காட்டினான். ஒரு முழம்கூட இல்லை.

என் கையிலிருந்த கடப்பாறை கனத்தது.

அழாமல் பிறந்த பிள்ளைக்கு எங்கள் பக்கம் மேடு கட்டுவதில்லை. பெயர் வைப்பதில்லை. வாழைத்தோட்டத்தில் வைத்து மூடிவிட்டு வந்துவிடுவார்கள். அடுத்ததாவது தங்கவேண்டும் என்று அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, பெற்றவள்கூட. அவள் எந்தக் காரணத்தைச் சொல்லியிருப்பாள்?

"ஆபீஸ் ஃபாரத்துல குழி வளையறதுக்குப் பாறைன்னு எழுத இடம் இருக்கு சார். இதை எழுத இடம் இல்ல" என்றான் பாலிகோவா.

வளைவை விட்டு வெளியே வந்து, கடப்பாறையை வகாபியிடம் கொடுத்தேன். வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன்.

"பாறைதான்யா! நல்ல பெரிய பாறை. குழி இப்படியே இருக்கட்டும். இனிமே யாரும் இந்த இடத்துல கடப்பாறை வைக்கக் கூடாது!"

நைகாகா வாசலை விட்டு இறங்கி வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டியிட்டு வணக்கம் சொன்னாள்.

"எந்திரிம்மா, இந்த வயித்தோட எதுக்கு" என்றேன்.

பைக் சீட்டில் ஃபாரத்தை வைத்து எழுதினேன். 'நேரில் பரிசோதித்தேன். பாறை இருப்பது உண்மை.' கையெழுத்தும் போட்டேன்.

பாலிகோவாவுக்கு மனசு கேட்கவில்லை. "இல்லாத பாறைக்குக் கையெழுத்துப் போட்டுட்டீங்களே சார். உங்களுக்கு ஏதும் வம்பு வந்துடாதே?"

ஃபாரத்தை மடித்துப் பையில் வைத்தேன். எங்கள் வீட்டுத் தோட்டத்திலும் அப்படி ஒரு பாறை இருக்கிறது. பதினொரு வருடமாக, நானும் என் மனைவியும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.