மிஸ் கிராஸ்பி போடாத கையெழுத்து

“எல்லாக் காகிதமும் சரியாத்தான் இருக்கு வெர்னா. ஆனா இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

வெர்னாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சரி என்கிறார், மாட்டேன் என்கிறார். இது என்ன கூத்து!

நூலகத்தின் பின்னறை மேஜை நிறையப் பிறப்பு, திருமண, இறப்புச் சான்றுகள். வெர்னாவில் தொடங்கி, அம்மா ஹேசல் வழியாக ஏழு தலைமுறை ஏறி, அமெரிக்க விடுதலைப் போரில் முரசு அடித்த ஜோசையா டென்னியிடம் போய் நின்றன. இரண்டு வருடம் ஊர் ஊராக அலைந்து சேர்த்தவை. போர்வீரர் வம்சத்து மகளிர் சங்கத்தில் சேர இனி ஒன்றுதான் பாக்கி. சங்கத்தின் பதிவாளர் மிஸ் அல்தியா கிராஸ்பி கையெழுத்துப் போட வேண்டும்.

“எங்கேயாவது பேர் தப்பா?”

“இல்ல.”

“ஒரே பேர்ல ரெண்டு ஜோசையா இருந்தாங்களா? போன வருஷம் நம்ம தலைவிக்கே அந்தக் கதி ஆச்சே!”

“ஒரே ஜோசையாதான். பாவம், விரல் தேய முரசடிச்சிருக்கான்.”

“அப்போ நடுவுல இங்கிலீஷ்காரன் பக்கம் ஓடிட்டானா?”

“அதெல்லாம் ஓடல.”

“பின்னே ஏன் என்னை இந்தப் பாடு படுத்தறீங்க? அடுத்த மாசம் அவர் கல்லறையில சங்கம் நினைவுக் கல் வைக்குது. சங்கத்துல இருக்கறவதான் திரையை விலக்கணும். அதை நீதான் செய்யணும்னு அம்மா சாகற அன்னிக்கு என்கிட்ட வாக்கு வாங்கிக்கிட்டாங்க.” சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது அவளுக்கு.

மிஸ் கிராஸ்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எண்பது வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சங்கம்தான் எல்லாம். முப்பது வருடத்தில் ஒரு பொய்யான வரிக்குக்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை என்று ஊரே சொல்லும். அப்பேர்ப்பட்ட கறார்க்காரர், ஹேசலின் அடக்கத்தன்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சொந்தக்காரர்களைவிட அதிகமாக அழுதார். அதுவும் வெர்னாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

“சங்கத்து விதி தெரியுமில்ல? ரத்த வழி மட்டும்தான்.”

“தெரியாமலா? அதான் என் பிறப்புச் சான்றை எல்லாத்துக்கும் மேல வச்சிருக்கேனே!”

மிஸ் கிராஸ்பி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஏப்ரல் ஒன்பது. ஞாயித்துக்கிழமை. சர்ச் மணி அடிக்கற நேரம். கொட்டற மழை.”

வெர்னா சான்றை எடுத்துப் பார்த்தாள். அதில் மணியும் இல்லை, மழையும் இல்லை.

“இதெல்லாம் யார் சொன்னா உங்களுக்கு?”

மிஸ் கிராஸ்பி இழுப்பறையைத் திறந்து ஒரு பழைய உறையை எடுத்து நீட்டினார்.

“இதுல வேற ஒரு விண்ணப்பம் இருக்கு. வேற வீரர், வேற வழி. இதை வச்சே நீ சங்கத்துல சேரலாம், திரையையும் விலக்கலாம். ஹேசலுக்குக் கொடுத்த வாக்கு கெடாது. அவ இருக்கறவரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்னு நானும் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். வேண்டாம்னா கிழிச்சுப் போட்டுடு வெர்னா, நான் எதுவும் கேட்க மாட்டேன்.”

‘என் வம்சத்துக்கு இவர் எப்படி வேற வழி கண்டுபிடிச்சார்?’ என்று குழம்பியபடியே வெர்னா உறையைப் பிரித்தாள்.

முத்து முத்தான எழுத்து. பதிவாளரின் கையெழுத்துகூடக் கீழே தயாராக விழுந்திருந்தது. முதல் வரியில் வெர்னாவின் பெயர், பிறந்த தேதி, எல்லாம் சரி.

இரண்டாவது வரியில், ‘தாயின் பெயர்’ என்ற இடத்தில், அதே எழுத்தில் எழுதியிருந்தது: அல்தியா கிராஸ்பி.