ரெண்டு மணி பக்கெட்

ஒரு கடைக்காரம்மாவின் கடைக்கு நேர் எதிரே குடியிருந்துகொண்டு, அங்கே வாங்காத எண்ணெயை அவருக்குத் தெரியாமல் மாடிக்கு ஏற்ற வேண்டுமென்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

ஷோபா ஒரு சிவப்பு பக்கெட்டும் கயிறும் வைத்திருந்தாள்.

விவேக் நகரில் அவள் வீடு முதல் மாடி. எதிரே சொர்ணம் ஸ்டோர், பின்னால் ஒரு சந்து. போனில் ஆர்டர் போடுவாள். டெலிவரி ஆள் கூப்பிட்டதும் அவரைச் சந்துப் பக்கம் திருப்பிவிடுவாள். சமையலறை பால்கனியிலிருந்து பக்கெட் இறங்கும். எண்ணெயும் பருப்பும் சோப்பும் ஏறும். நாலு வயசு மகள் சங்கமித்ராவுக்கு அது ஒவ்வொரு தடவையும் திருவிழா. "ஏலேலோ" என்று கத்துவாள். ஷோபா ஒரு கையால் கயிற்றையும் மறு கையால் அவள் வாயையும் பிடித்துக்கொள்வாள்.

அதுவும் மதியம் ரெண்டு மணிக்குத்தான். அப்போதுதான் சொர்ணம் அக்கா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒரு தூக்கம் போடுவார்.

இத்தனை திருட்டுத்தனம் எதற்கு என்றால், அக்கா கோபித்துக்கொண்டால் ஷோபாவால் வேலைக்கே போக முடியாது. பல் டாக்டர் கிளினிக்கில் அவளுக்குக் காலை வேலை. அவள் திரும்புவதற்கு முன்பே பள்ளிக்கூட வேன் வந்துவிடும். சங்கமித்ராவை இறக்கி, கடைக்குள் அரிசி மூட்டைமேல் உட்காரவைத்து, தயிர்சாதம் ஊட்டி வைத்திருப்பது அக்காதான். அதற்கு ஏதாவது கொடுக்கப் போனால், "கொழந்தைக்கு சோறு ஊட்ட கூலியா? சும்னிரு" என்று கன்னடம் கலந்து விரட்டிவிடுவார்.

ஆனால் ஆன்லைன் என்று பேச்செடுத்தால் அக்கா வேறு ஆள். முதுகில் பையோடு ஒரு பைக் போனாலே ஆரம்பித்துவிடுவார். அவனுங்ககிட்ட வாங்குறவங்க யாரும் நம்ம கடைப் படி ஏற வேணாம் என்பார். ஷோபாவும் கூடச் சேர்ந்துகொண்டு நாலு திட்டு திட்டுவாள். போதாக்குறைக்கு, பள்ளிக்கூட அம்மாக்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ரோஜாப்பூப் படம் வைத்து, 'நம்ம தெருக் கடையிலேயே வாங்குவோம்' என்று போட்டவளும் அவள்தான். அதைப் பார்த்துக் கண் கலங்கிய அக்கா, சங்கமித்ராவுக்குக் கடலை மிட்டாய் கொடுத்தார்.

மனசு உறுத்தத்தான் செய்தது. அதற்குப் பரிகாரமாகத் தினமும் அக்கா கடையில் கொத்தமல்லி வாங்கினாள். வீட்டில் கொத்தமல்லித் துவையல், கொத்தமல்லிச் சாதம், கொத்தமல்லி வடை. ஒருநாள் ரவிக்குமார் தட்டைப் பார்த்துவிட்டு மனைவியைக் கேட்டான்:

"நாம ஆடு எதுவும் வளர்க்கிறோமா ஷோபா?"

வீட்டு வாடகை ஏறினதிலிருந்து எண்ணெயில் பிடித்தால்தான் மிச்சம் என்று அவள் கணக்கு சொன்னாள். அவன் துவையலைத் தொட்டுக்கொண்டான்.

அன்றைக்கு எண்ணெய்க்குப் பெரிய ஆஃபர். ஷோபா ஆர்டர் போட்டுவிட்டு பக்கெட்டைத் தயாராக வைத்தாள். அந்த நேரம் பார்த்து சங்கமித்ரா, ஸ்கெட்ச் பேனாவால் காதுவரைக்கும் மீசை வரைந்துகொண்டு வந்து நின்றாள். பாதி மீசையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து பார்த்தால், போனில் வரிசையாக மிஸ்டு கால்.

பதறிப்போய்க் கூப்பிட்டாள்.

"கொட்டாய்த்து மேடம். கடையம்மா கையிலேயே குடுத்தாச்சு" என்றார் டெலிவரி ஆள், பாதி கன்னடமும் பாதி தமிழுமாக. "லேண்ட்மார்க் நீங்கதானே போட்டிருக்கீங்க, சொர்ணம் ஸ்டோர்னு?"

ஷோபா தலையில் அடித்துக்கொண்டாள். விவேக் நகரில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்களே என்று, தன் கையாலேயே டைப் பண்ணியது.

மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். இறங்கும்போதே பொய்கள் தயாராயின. நாத்தனார் அனுப்பியது. டாக்டரம்மாவுக்கு வாங்கியது. அட்ரஸ் மாறி வந்தது. தெருவைத் தாண்டுவதற்குள் மூன்றுமே உப்புச் சப்பில்லாமல் போய்விட்டன. நாளைக்கு வேன் வந்து நின்றால் பிள்ளையை யார் இறக்குவார்கள்?

குனிந்து உள்ளே நுழைந்தாள். கல்லாப்பெட்டி மேல் அவளுடைய பை, பிரித்தபடி. பக்கத்தில் சொர்ணம் அக்கா. தூங்கி எழுந்த முகமாக இல்லை.

"அக்கா, அது வந்து..."

"மொதல்ல ஷட்டரை இறக்கு."

இறக்கினாள். இடுப்பிலிருந்த பாதி மீசைக்காரி மட்டும் அரிசி மூட்டையைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"யாராச்சும் பாத்தாங்களா?" என்று அக்கா மெதுவாகக் கேட்டார்.

"இல்லக்கா."

அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. குனிந்து, கல்லாவுக்கு அடியில் மூடியிருந்த கோணிச் சாக்கை இழுத்தார். உள்ளே அதே கம்பெனிப் பைகள், ஒன்றன்மேல் ஒன்றாக. அதே ஆஃபர் எண்ணெய்.

"மொத்தக் கடைக்காரன் இந்த வெலைக்கு எனக்குத் தரமாட்டேங்குறான்டி. ஒரு நம்பருக்கு ரெண்டு பாக்கெட்தான் வருது. என் நம்பர், எங்க வீட்டுக்காரர் நம்பர் எல்லாம் முடிஞ்சுபோச்சு. தூங்குறேன்னு ஷட்டரை இறக்கிட்டு இந்த ரெண்டு மணிக்குத்தான் நானும் வாங்குறது. மத்த நேரத்துல பைக் வந்தா தெருவே பாக்கும்" என்ற அக்கா, சங்கமித்ராவை வாங்கி மூட்டைமேல் உட்காரவைத்தார். "உன் போன்ல கடைக்கு ரெண்டு போட்டுக் குடு கண்ணு. பாப்பா சோறு சாப்புடுறப்ப தினமும் சொல்லுவாளே ஏலேலோ பக்கெட்டு, அதுலயே ஏத்தி வெச்சிரு."